ஆறாம் அம்மாவுக்கு ஒரு கேசட்

போன வாரம் மலேசியாவிலிருந்து என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே ஒரே ஒரு கேசட்.

தபால்காரருக்கு அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த தெருவுக்குப் போக மனசில்லை.

"பாட்டா சார்?"

"இல்லய்யா."

"பின்ன என்னா?"

"எனக்கே தெரியாது. நீ போய் மத்தவங்க தபாலைக் குடு" என்று விரட்டினேன்.

பொய் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது. கேசட் போட்டுக் கேட்கிற மெஷின் என்னிடம் இல்லை. இருந்து கேட்டாலும் புரியாது. ஏனென்றால் அதில் இருப்பது வியட்நாம் பாஷை. அனுப்பிய அம்மாவுக்கும் அந்தப் பாஷை தெரியாது. கூடவே ஒரு துண்டுத் தாளில் இப்படி எழுதியிருந்தார்: 'இதில் பேசுகிற பெண் பாரியா ஊர்க்காரி. தெரேஸ் அக்காவின் அம்மாவைத் தெரியும் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். சரியாக மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் அவள் குரலை அப்படியே பிடித்து அனுப்புகிறேன். நல்ல சேதியா, கெட்ட சேதியா, எனக்கே தெரியாது.'

அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்கிய எனக்கும் தெரியாது. இப்படி ஒரு சேதி உங்களில் யாருக்காவது வந்திருக்கிறதா?

தெரேஸ் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் லாரிக்கு லோடு பிடிக்கிற மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கிறவள். பிறந்தது வியட்நாமில், சைகோனிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில், பாரியா என்ற ஊரில். அங்கேயும் உப்பளம்தானாம். கட்டிக்கொண்டது நம்ம ஊர் அந்தோணியை. சைகோனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆள். சைகோன் கை மாறியதும் அங்கிருந்த நம்ம ஆட்கள் மூட்டை கட்டினார்களே, அப்போது இவர்களும் வந்தார்கள். வந்த மறு வருஷமே அந்தோணி காய்ச்சலில் போய்விட்டான். இவள் மட்டும் மிச்சம்.

ஊரில் பாதிப் பேர் இவளை 'சீனாக்காரி' என்கிறார்கள். வியட்நாம் வேறடா, சீனா வேறடா என்று நானும் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "எல்லாம் ஒண்ணுதான், வுடு மாமா" என்கிறான் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன். அவன் திண்டிவனம் தாண்டிப் போனதில்லை. அவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

தெரேஸின் அம்மா பாரியாவிலேயே தங்கிவிட்டாள். மண்ணை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அதற்குப் பிறகு சேதியே இல்லை. தெரேஸ் எழுதிப் போட்ட கடிதம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இருக்கிறாளா, செத்தாளா, யாருக்குத் தெரியும்?

தெரியாமல் இருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நவம்பர் மாதம் மரக்காணம் வந்து பாருங்கள்.

எங்கள் ஊரில் கல்லறைத் திருநாள் என்றால் ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும். சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, ஒவ்வொரு சமாதியிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். வேறு ஊரில் செத்தவர்களுக்கும் பெரிய சிலுவை அடியில் ஒன்று ஏற்றி வைப்பது வழக்கம். தெரேஸ் ஒவ்வொரு வருஷமும் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி வருவாள். ஒன்றை அந்தோணி சமாதியில் ஏற்றுவாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய சிலுவைப் பக்கம் போய் நிற்பாள். நிற்பாள்... ஏற்றமாட்டாள். அப்படியே முந்தானையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

உயிரோடு இருக்கிறவளுக்கு ஏற்றினால் அது சாபம். செத்தவளுக்கு ஏற்றாமல் விட்டால் அது துரோகம். எதைச் செய்வாள்?

பங்குச் சாமியாரிடம் கேட்டாள். "எல்லா ஆத்துமாவுக்கும் பொதுவா வேண்டிக்கம்மா" என்றார். பெண்களிடம் கேட்டாள். "இத்தன வருசமாச்சு, ஏத்திட்டு நிம்மதியா இரு" என்றார்கள். இன்னும் சிலர், "மெழுகுவத்தியக்கூட மிச்சம் பிடிக்குறா பாரு" என்று அவள் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். அவர்களை நான் திட்டிய வார்த்தைகளைப் பத்திரிகை ஆசிரியர் இங்கே போட மாட்டார்.

சரி. இப்போது மாநாட்டுக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பெரிய மாநாடு. 'ஆசியச் சமூகங்களின் மாறிவரும் தொடர்புகள்' என்று நீலத் துணியில் வெள்ளைக் காகித எழுத்து ஒட்டியிருந்தார்கள். ஜப்பான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், சிலோன், மலேசியா என்று பல நாட்டுப் பேராசிரியர்கள். ஏற்பாடு செய்தவர் தணிகாசலம் என்று ஒரு பேராசிரியர். சைகோனிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் முன்பு எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மரக்காணத்துக்கே வந்துவிட்டார்.

"அந்த மாதிரி ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க சார். நேரடி சாட்சி. பத்து நிமிஷம் போதும்."

எனக்கு எரிச்சல். "என்னா சார், கண்காட்சியா வைக்கறீங்க?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்படி ஆயிடக்கூடாதுன்னுதான் சார் உங்ககிட்ட வந்தேன்" என்றார்.

தெரேஸிடம் சொன்னேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். உப்பு வாருகிற சீசன், ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"பல நாட்டுக்காரங்க வருவாங்களாண்ணே?"

"வருவாங்க."

"அப்ப வர்றேன்."

திண்டிவனம் சுற்றிக் கிளியனூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். நைலக்ஸ் புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்தாள். காலில் மட்டும் உப்பு அறுத்த வெடிப்பு. அதற்கு எந்தப் புடவையைக் கட்டி மறைப்பது?

காலையிலிருந்து கட்டுரை வாசித்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்: முன்பெல்லாம் ஆசியாவில் ஒரு நாட்டுக்காரன் இன்னொரு நாட்டுக்குப் போனான், வந்தான், கல்யாணம் கட்டினான், கடை வைத்தான். இப்போது சில வாசல் சாத்திக்கொண்டது, சில வாசல் திறந்துகொண்டது. இவ்வளவுதான் விஷயம். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தாலே தெரியும். ஒரு காலத்தில் இந்தக் கரையில் சைகோன் சைகோன் என்று பேசினார்கள். இப்போது கோட்டக்குப்பத்தில் துபாய் துபாய் என்கிறார்கள். இருந்தாலும் அவர்கள் உழைத்து எழுதியிருந்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. குறை சொல்ல வேறு விஷயம் இருக்கிறது.

மத்தியானம் தெரேஸை மேடையில் உட்கார வைத்தார்கள். தலைவர் டெல்லியிலிருந்து வந்தவர். அவர் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டார். தணிகாசலம் தமிழில் சொன்னார்.

"நீங்க உங்களை இந்தியரா உணர்றீங்களா, வியட்நாமியரா உணர்றீங்களா?"

தெரேஸ் முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். "என்னண்ணே கேக்குறாங்க?"

"நீ எந்த ஊர்க்காரின்னு கேக்குறாங்க."

"ரேசன் கார்டுல மரக்காணம்னு போட்டிருக்குதே."

மொழிபெயர்த்ததும் ஹால் முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார்கள். தெரேஸ் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"தாராளமா கேளுங்கம்மா" என்றார் தணிகாசலம்.

"உங்கள்ல யாராச்சும் அந்தப் பக்கம் போறீங்களா? எங்கூருப் பக்கம்? எங்க அம்மா உசுரோட இருக்குதான்னு பாத்துச் சொல்லணும். அவ்ளோதாங்க."

தணிகாசலம் இதை இங்கிலீஷில் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜப்பான்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாய்லாந்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வெரி மூவிங்" என்றார். அடுத்த கட்டுரைக்கு ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! எழுந்து கத்திவிட்டேன்.

"ஏன் சார், அந்தப் பொம்பள கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க! போறேன்னா போறேன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க! ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து நிக்கிறா!"

டெல்லிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திட்டு எந்தப் பாஷையிலும் புரியும். தணிகாசலம் மைக்கைப் பிடித்து டீ பிரேக் என்று அறிவித்துவிட்டார்.

டீ மேஜையில் தணிகாசலம் என் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறாரோ, சண்டைக்கு வருகிறாரோ என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

"நான் ரங்கூன்ல பொறந்தவன் சார்" என்றார். "சண்டைக் காலத்துல அம்மா என்னை இடுப்புல வெச்சுக்கிட்டு நடந்தே வந்தாங்க. அப்பா பின்னாடி வர்றேன்னு சொன்னாராம். வரல. இன்னிக்கு வரைக்கும் அவர் போட்டோவுக்கு மாலை போடறதா வேண்டாமான்னு எங்க வீட்டுல முடிவாகல."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"இதை மேடையில சொல்லியிருக்கலாமே சார்?"

"இதுக்கு ஆதாரம் இல்லையே" என்றார்.

படித்தவர்களின் கஷ்டத்தைப் பாருங்கள். சொந்த அப்பாவைப் பற்றிப் பேசக்கூட ஆதாரம் கேட்கிற உத்தியோகம். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த எரிச்சல் அந்த இடத்திலேயே போய்விட்டது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தெரேஸை ஒரு அம்மா ஓரமாக அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டார். மலேசியாவிலிருந்து வந்திருந்த தமிழ் அம்மா, பெயர் கமலம். அங்கே கிழக்குக் கடற்கரையில் ஒரு காலேஜில் வேலை.

"அக்கா, என்னால உங்கூருக்குப் போக முடியாது. ஆனா உங்கூரு ஜனம் எங்க கரைக்கு வருது. படகு படகா வர்றாங்க. முகாம்ல வெச்சிருக்காங்க. நான் துணி, மருந்தெல்லாம் கொண்டுபோய்க் குடுக்கறேன். கேட்டுப் பாக்கறேன். அம்மா பேரு என்ன?"

"பேரு மரியா. பேரைச் சொன்னா ஒருத்திக்கும் தெரியாது. ஆறாம் அம்மான்னு கேக்கணும்."

"ஆறாம் அம்மாவா?"

அந்த ஊர் வழக்கமாம். வீட்டில் பிறந்த வரிசையை வைத்து நம்பரால்தான் கூப்பிடுவார்கள். அக்கம்பக்கத்துக்கும் அந்த நம்பர்தான் பெயர்.

கமலம் அம்மா சிரித்துவிட்டார். "அப்போ தெருவுக்கு ஒரு ஆறாம் அம்மா இருப்பாங்களே அக்கா?"

"இருப்பாங்க. ஆனா எங்க அம்மா பாரியா கோயில் வாசல்ல கஞ்சி விக்கிறவ. இந்தக் காது கிழிஞ்சிருக்கும்" என்று தன் இடது காதைப் பிடித்துக் காட்டினாள். "கம்மலை எவனோ காதோட சேத்து இழுத்துக்கிட்டு ஓடிட்டான். அந்தக் கதையை கஞ்சி வாங்க வர்ற ஒவ்வொருத்தங்கிட்டயும் சொல்லுவா. ஊருல அதைக் கேக்காத ஆளே கிடையாது."

"கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்க்கா. கேப்பேன்னு மட்டும் சொல்றேன்."

கவனியுங்கள். 'வெரி மூவிங்' என்று அவர் சொல்லவில்லை. கேட்பேன் என்று சொன்னார். அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் நான் நம்பவில்லை. மாநாட்டுக்கு வருகிறவர்கள் விமானம் ஏறியதும் மறந்துவிடுவார்கள் என்று தெரேஸிடமே சொன்னேன். "பாக்கலாம்ண்ணே" என்றாள். இப்போது கேசட் வந்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறது.

மெஷினுக்கு எங்கே போவது?

கோட்டக்குப்பம்தான். என் லாரியில் கிளீனராக இருந்த காதர் இப்போது துபாயில் இருக்கிறான். போன முறை லீவில் வந்தபோது ஜப்பான் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அங்கே பல வீடுகளில் இப்போது இதுதான் பழக்கம். கடிதம் எழுதுவதில்லை. புருஷன் அங்கே கேசட்டில் பேசி, லீவில் வருகிறவனிடம் கொடுத்து அனுப்புகிறான். இங்கே பெண்டாட்டி பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பேச வைத்து, போகிறவனிடம் கொடுத்து அனுப்புகிறாள்.

தெரேஸை லாரியில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் வேலை முடிந்துவிட்ட காலம். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள்.

"பையில என்னா?"

"மெழுகுவத்தி. கல்லறைத் திருநாளுக்கு வாங்கிட்டேன். ரெண்டு." பையின் வாயை முடிந்தாள். "அம்மா செத்துட்டான்னு சொன்னாலும் பரவால்லண்ணே. ஒண்ணா ரெண்டான்னு தெரிஞ்சா போதும்."

நான் கியரை மாற்றி வண்டியை விரட்டினேன்.

காதர் பெண்டாட்டி நூர்ஜஹான் எங்களைப் பார்த்ததும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று உள்ளே அழைத்துப் பாய் விரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். கூடத்தில் பூவேலை செய்த துணி போர்த்தி வைத்திருந்தாள் மெஷினை. கல்யாணப் பெண்ணுக்குத் திரை விலக்குகிற மாதிரி மெதுவாக எடுத்தாள்.

"ஓடுதான்னு மொதல்ல பாத்துக்கறேன்" என்று உள்ளே இருந்த கேசட்டையே தட்டினாள்.

காதரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ஏ நூரு... ஆட்டுக்குத் தழை போட்டியா? நான் இல்லன்னு நீ ஊர் சுத்தாத. உன் நெனப்பாவே இருக்குது புள்ள, ராத்திரியெல்லாம்..."

பாய்ந்து நிறுத்தினாள். முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது.

"ஓடுது" என்றேன் நான்.

"போங்கண்ணே!"

தெரேஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் முதலில் சிரித்தது அப்போதுதான்.

பிறகு மலேசியா கேசட்டைப் போட்டோம்.

முதலில் ஏதோ கூச்சல், குழந்தை அழுகை. கமலம் அம்மாவின் குரல் தமிழில், "பேசும்மா, பேசு" என்றது. அப்புறம் ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். வேகமாக, ஏறி இறங்குகிற பேச்சு. எனக்கும் நூர்ஜஹானுக்கும் ஒரு சொல் புரியவில்லை. நாங்கள் கேசட்டை விட்டுவிட்டுத் தெரேஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு எதைப் பார்ப்பது?

தெரேஸ் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு இடத்தில் கை தானாக இடது காதுக்குப் போனது. நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். சரியான ஆறாம் அம்மாதான் என்று எங்களுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் இருக்கிறாளா, இல்லையா?

தெரேஸின் உதடு கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. போச்சு என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்! சிரித்துக்கொண்டே அழுகிறாள். கேசட் முடிந்து வெறும் இரைச்சல் ஓடியது. யாரும் நிறுத்தவில்லை.

நூர்ஜஹானுக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, நல்ல சேதியா கெட்ட சேதியா, வாயைத் தொறந்து சொல்லுக்கா! எனக்கு நெஞ்சு அடைக்குது!"

"இருக்கா" என்றாள் தெரேஸ். "உசுரோட இருக்கா. ஒரு கண்ணு தெரியலையாம். ஆனா கோயில் வாசல்லதான் இருக்கா. இன்னும் கஞ்சி விக்கிறா. இந்தப் பொண்ணு படகு ஏறுறதுக்கு மொத நாளுகூட அவகிட்டதான் கஞ்சி வாங்கிக் குடிச்சாளாம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நூர்ஜஹான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் ஏன்க்கா அழுவுற?"

தெரேஸ் மூக்கைச் சிந்தினாள்.

"நான் செத்துட்டேனாம்."

"என்னாது?"

"நாங்க வழியிலேயே போய்ச் சேந்துட்டோம்னு எவனோ அவகிட்ட சொல்லிட்டானாம். அவளும் நம்பிட்டா. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் எனக்கு மெழுகுவத்தி ஏத்துறாளாம். எனக்கு! கோயில்ல எம்பேர்ல பூசை வேற வெக்கிறாளாம்." மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நான் இங்க குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துக்கிட்டு, ஏத்தலாமா வேணாமான்னு பயந்து சாவுறேன். கெழவி ஒரு யோசனையும் பண்ணாம ஏத்திப்புட்டா பாருண்ணே!"

இரைச்சல் போட்டுக்கொண்டிருந்த மெஷினை நான் எழுந்துபோய் நிறுத்தினேன்.

நூர்ஜஹான்தான் கெட்டிக்காரி. எழுந்து போய் பீரோவைத் திறந்து ஒரு புதுக் கேசட்டை எடுத்து வந்தாள். காகிதம்கூடப் பிரிக்காதது.

"இது அவருக்குப் பேசி அனுப்ப வெச்சிருந்தது. அவருக்கு அடுத்த தபா பேசிக்கறேன். நீ பேசுக்கா. இருக்கேன்னு சொல்லு."

"யாரு கொண்டுபோய்க் குடுப்பா? அங்கேர்ந்து வர்றவங்கதான் இருக்காங்க. அங்க போறவங்க யாரு?"

"அதெல்லாம் அல்லா பாத்துக்குவான். நீ மொதல்ல பேசு. பேசி வெச்சாத்தான் போறவங்க கெடைக்கறப்ப குடுக்க முடியும். இந்தப் பொத்தானை அமுக்குனா புடிச்சுக்கும்."

துபாய்க்குப் பேசிப் பழகிய பெண் அல்லவா, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போகிற ஆள் கிடைத்த பிறகு பேச உட்கார்ந்தால், பேச்சு வராது.

தெரேஸ் பேசினாள். முதலில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. அந்தப் பாஷையைப் பேசி எத்தனை நாளாயிற்றோ! பிறகு சூடு பிடித்துவிட்டது. கையை ஆட்டி, தரையில் தட்டி, காதைத் தொட்டு, குரலை உயர்த்தி... நடுவில் 'மரக்காணம்' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. 'அந்தோணி' என்ற இடத்தில் குரல் இறங்கியது. ஒரு பக்கம் முழுக்க ஓடிவிட்டது.

லாரியில் திரும்பும்போது கேட்டேன். "அவ்ளோ நேரம் என்னா பேசின?"

"திட்டினேன்ண்ணே."

"அம்மாவையா?"

"பின்ன? உசுரோட இருக்கிற புள்ளைக்கு எவளாச்சும் மெழுகுவத்தி ஏத்துவாளா? காசை வீணாக்காத, அந்தக் காசுல கண்ணைப் பாத்துக்கன்னு சொன்னேன்."

நேற்று முன்தினம் கல்லறைத் திருநாள். தூறலில் மெழுகுவர்த்தி அணைய அணைய, ஆளாளுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெரேஸ் வந்தாள். அந்தோணி சமாதியில் ஒன்றை ஏற்றி, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றாள். பெரிய சிலுவைப் பக்கம் போகவே இல்லை.

எங்கள் கோயிலில் ஜெபம் சொல்லித்தருகிற உபதேசியார் எல்லாவற்றையும் கவனிக்கிற ஆள். சும்மா இருப்பாரா?

"என்னா தெரேஸ், இந்த வருசம் ஒண்ணுதானா? இன்னொண்ணு எங்க?"

"ரேசன்ல மண்ணெண்ணெய் போடலங்க. நேத்து சாயங்காலம் சங்கரா மீன் கொழம்பு வெச்சேன். முள்ளு பாத்துத் திங்க வெளிச்சம் வேணாமா? ஏத்திட்டேன்."

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அவர் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இன்னிக்கு அங்கயும் திருநாள்தானேண்ணே. இந்நேரம் எனக்கு ஏத்திக்கிட்டிருப்பா."

தணிகாசலம் சாருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். கமலம் அம்மாவுக்கும் நன்றி சொல்லி எழுதினேன். அந்த மாநாட்டில் வாசித்த கட்டுரைகளை எல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். போடட்டும். நல்ல காரியம்தான். ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் தெரேஸ் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் வாசகர்களே, உங்களிடம் கேட்கிறேன். உங்களில் கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். வியாபாரத்துக்கு நாடு நாடாகப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். சர்க்காரில் பெரிய இடத்தில் இருக்கிறவர்கள் இருக்கிறீர்கள்.

யாராவது அந்தப் பக்கம் போகிறீர்களா?

தெரேஸ் பேசிய கேசட் என் மேஜையில்தான் இருக்கிறது. பாரியா கோயில் வாசலில், ஒரு கண் தெரியாத, இடது காது கிழிந்த ஆறாம் அம்மா என்று கேட்டால் போதும். காது கிழிந்த கதையை அவளே சொல்லுவாள். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, இதைக் கொடுங்கள்.

சீக்கிரம் போங்கள். கிழவி மெழுகுவர்த்தியை வீணாக்கிக்கொண்டிருக்கிறாள்.